அத்தை காதில் சொல்ல வேண்டிய பெயர்

எழுதுவது என் வேலை இல்லை. ஐந்தாம் படிவத்தோடு, பதினேழு வயதில், படிப்பு முடிந்துவிட்டது. தமிழ்ப்பள்ளியை விட்ட பிறகு கல்யாண வீட்டு மொய் உறையில் எழுதியதைத் தவிர தமிழில் பெரிதாக எதுவும் எழுதியதில்லை. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள், முகம் தெரியாதவர்கள் படிக்கும் இடத்தில் வந்து நிற்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். மனிதர்கள் யாருடைய பெயரையும் நான் எழுதப் போவதில்லை. ஆனால் நடந்ததெல்லாம் ஒரு பெயரைப் பற்றித்தான். என் தம்பி மகளுக்கு வைக்கப் பார்த்த பெயர் அது.

தம்பிக்குக் கல்யாணமாகி நெடுங்காலம் பிள்ளை இல்லை. பார்க்காத டாக்டர் இல்லை, வைக்காத வேண்டுதல் இல்லை. தம்பி மனைவி ஈப்போவில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போவதும் அழுத முகத்தோடு கடைக்குத் திரும்புவதுமாக வருடங்கள் போயின. கடைசியில் ஒரு பெண் பிறந்தது. சுங்கை சிப்புட்டில் இருக்கும் அவள் அம்மா வீட்டில், முப்பதாம் நாள் பெயர் வைப்பது என்று முடிவானது. எங்கள் பக்கத்துப் பழக்கப்படி, வெற்றிலையால் ஒரு காதை மூடிக்கொண்டு மறு காதில் மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டியவள் அத்தை. தம்பிக்கு உடன்பிறந்தவள் நான் ஒருத்திதான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அந்தக் குடும்பத்தில் நான் செய்தே ஆக வேண்டிய காரியம் என்று இருந்தது இது ஒன்றுதான்.

குடும்ப வாட்ஸாப் குழுவில்தான் பெயரை முதலில் பார்த்தேன். பாப்பாவுக்கு ஐரிஸ் என்று வைக்க ஆசைப்படுவதாகத் தம்பி மனைவி போட்டிருந்தாள். கட்டைவிரல்கள் வரிசையாக வந்து விழுந்தன. நானும் ஒரு கட்டைவிரல் போட்டேன். போட்டுவிட்டுச் சந்தேகப்பட ஆரம்பித்தேன்.

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். கேஸ் கொண்டுவருபவன் வழக்கத்துக்கு மேல் சிரித்தால், எடை குறைவோ என்று சிலிண்டரைத் தூக்கிப் பார்ப்பேன். தம்பி மனைவி யாரோடாவது சேர்ந்து சர்ச்சுக்குப் போகிறாளோ என்று முதலில் நினைத்தேன். பிறகு கொரிய நாடகத்தில் வந்த பெயரோ என்று தோன்றியது. தம்பி முன்பு வேலை செய்த இடத்தில் இதே பெயரில் ஒரு சீனப் பெண் இருந்தாள் என்பது நினைவுக்கு வந்து, அரை நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். தம்பி அப்படிப்பட்டவன் இல்லை. ஆனாலும் நினைத்தேன்.

அப்புறம்தான் அந்தப் பெயரை வேறோர் இடத்தில் கேட்டது ஞாபகம் வந்தது.

நான் புந்தோங்கில் குடியிருக்கிறேன். ஈப்போவில் ஒரு டோபியில், அதாவது துணி வெளுக்கும் கடையில், வேலை. ஹோட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை உருளை இயந்திரத்தில் விட்டு, அந்தப் பக்கம் சூடாக வருவதை மடித்து அடுக்க வேண்டும். இயந்திரச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. எனக்கு அது வசதி. காதில் இயர்போனை மாட்டிக்கொள்வேன். போனில் ஒருவர் வெளிநாட்டுச் சாமிக் கதைகளைத் தமிழில் சொல்வார். கிரேக்கர்களின் சாமிகளைப் பற்றி மட்டும் மாதக்கணக்கில் சொன்னார். குரல் மிகவும் இனிமையாக இருக்கும், அதனாலேயே அவரை நான் முழுதாக நம்புவதில்லை. அவர் சொன்னதை இன்னொருவர் சொல்கிறாரா என்று தேடுவேன். இருவரும் ஒன்றையே சொன்னால், இவரைப் பார்த்து அவர் சொல்கிறாரோ என்று மூன்றாவது ஆளைத் தேடுவேன். இப்படித்தான் எனக்கு அந்தச் சாமிகள் பழக்கமானார்கள்.

கதைகளைவிடச் சொற்கள்தான் எனக்குப் பிடித்தன. ஊற்றுக்கும் மரத்துக்கும் மலைக்கும் அவர்கள் ஒவ்வொரு பெண் ஆவியை வைத்திருந்தார்கள். நிம்ஃப் என்பது அந்த ஆவிகளின் பெயர். அவர்கள் பேச்சில் அதே சொல்லுக்கு மணப்பெண் என்றும் பொருளாம். டைமோன் என்று ஒரு சொல். பங்கிட்டுக் கொடுப்பது என்ற பொருளில் பிறந்தது, அவரவர் பங்கை அவரவருக்குத் தரும் தெய்வம் என்கிறார்கள். காலம் போகப் போக அது பிசாசு ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் டீமன் என்கிறார்களே, அது இதுதான். இதைக் கேட்டபோது எனக்கு முனி நினைவுக்கு வந்தார். புத்தகத்தில் முனி என்றால் தவம் செய்கிறவர். எங்கள் ரப்பர் தோட்டத்துப் பேச்சில் முனி என்றால் ஒற்றைப் பனையிலிருந்து இறங்கி ஆளை அடிப்பவர். முனிவு என்றால் கோபம் என்று தமிழ்ப்பள்ளியில் படித்திருக்கிறேன். ஒரு சொல்லுக்குள் இரண்டு ஆள் குடியிருக்கலாம், எந்த ஆள் கதவைத் திறப்பார் என்று சொல்ல முடியாது. அன்றிலிருந்து பெயர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம்.

ஐரிஸ் நல்லவள். அவள் வானவில். அவர்கள் மொழியில் வானவில்லுக்கே அந்தச் சொல்தான். சாமிகளிடமிருந்து மனிதர்களுக்குச் செய்தி கொண்டு வருகிறவளும் அவள்தான். மூன்று பேரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். சந்தேகம் தீர்ந்து நன்றாகத் தூங்கினேன்.

அதன் பிறகு சம்பந்தியம்மா, அதாவது தம்பியின் மாமியார், குழுவில் ஒரு செய்தி போட்டார். பாப்பா பிறந்தது கார்த்திகை நட்சத்திரம், நான்காம் பாதம், அதற்கு எ என்ற எழுத்தில்தான் பெயர் வர வேண்டும். பாரிட் புந்தாரில் தெரிந்த எண் கணிதக்காரரிடம் கேட்டாயிற்று. ஆங்கிலத்தில் முதலில் இருக்கும் ஐ எழுத்தை எடுத்துவிட்டு ஈ எழுத்தை வைத்து, கடைசியில் இன்னொரு எஸ் சேர்த்தால் கூட்டல் ஐந்து வருகிறது. எழுத்தும் பொருந்துகிறது, எண்ணும் பொருந்துகிறது. ஆகவே பாப்பாவின் பெயர் எரிஸ்.

மறுபடியும் கட்டைவிரல்கள். நான் போடவில்லை.

எரிஸும் எனக்குத் தெரிந்தவள். சண்டையும் பகையும்தான் அவள். அந்தச் சொல்லுக்கே பொருள் அதுதான். சாமிகள் வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்கு எல்லாரையும் அழைத்தார்கள், வந்தால் கலகம் வரும் என்று அவளை மட்டும் விட்டுவிட்டார்கள். அவள் அழைக்காமலே வந்தாள். இருப்பவர்களில் அழகிக்கு என்று எழுதிய தங்க ஆப்பிள் ஒன்றை நடுவில் உருட்டிவிட்டாள். மூன்று பெண் தெய்வங்கள் அதற்கு அடித்துக்கொண்டதில் ஒரு நகரமே பின்னால் எரிந்து போனது. அவள் பெற்ற பிள்ளைகளின் பெயர்களையும் கேட்டிருக்கிறேன். பசி, மறதி, வேதனை, பொய் என்று போகும்.

நம் வீட்டில் யாராவது பிள்ளைக்கு மூதேவி என்று பெயர் வைப்பார்களா? அந்தச் சொல்லிலும் தப்பில்லை. மூத்த தேவி, அவ்வளவுதான். ஒரு காலத்தில் அவளையும் கும்பிட்டிருக்கிறார்களாம். அதற்காக வைக்க முடியுமா? அத்தனை வருடம் காத்திருந்து வந்த பிள்ளையின் காதில், முதல் சொல்லாக அதை நான் சொல்ல வேண்டும்.

தம்பிக்குப் போன் செய்தேன். அது வேறு சாமி என்றேன்.

"எந்த ஊரு சாமி?" என்றான்.

கிரேக்க நாட்டுச் சாமி என்றேன். சிரிப்பை அடக்குகிறானோ என்று நினைத்தேன்.

"ஒரு எழுத்துதானக்கா மாறுது. சுங்கை சிப்புட்ல யாருக்கு இதெல்லாம் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமே" என்றேன்.

அவன் குரலைத் தாழ்த்தினான். நான் குழுவில் எதுவும் போடாமல் இருப்பதை அங்கே ஏற்கனவே கவனித்துவிட்டார்களாம். மனதில் ஏதோ வைத்திருக்கிறேன் என்று பேச்சாம். பிறகு சொன்னான்:

"இத்தன வருசம் கழிச்சு வந்த புள்ளக்கா. பாத்துக்க."

எதைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான் என்று எனக்கு விளங்கியது. இதற்கு மேல் நான் ஏதாவது சொன்னால், பிள்ளை பெறாதவளின் வயிற்றெரிச்சல் என்பார்கள். அந்தப் பெயரிலேயே எரிச்சல் பாதி இருக்கிறது, மீதி என் வயிற்றிலிருந்து வந்ததாகச் சொல்லிவிடுவார்கள். பின்னால் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் என் வாய்தான் காரணம். பேசாமல் போய்ச் சொல்லிவிட்டு வந்தால், சொன்னது என் வாய். இரண்டு பக்கமும் என் வாய்தான் மாட்டிக்கொண்டிருந்தது.

முப்பதாம் நாள் காலையில் பஸ் ஏறினேன். சம்பந்தியம்மா வீடு, முன்பு ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது வரிசை வீடுகள் கட்டித் தாமானாகிவிட்ட இடத்தில். சுற்றிலும் செம்பனை. வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். மேசையில் மீகூன் சேமியாவும் ரோஸ் சிராப் தண்ணீரும். நடுவில் ஒரு கேக், அதன் மேல் ரோஸ் நிறத்தில் அந்தப் பெயர், இரண்டு எஸ்ஸோடு.

சம்பந்தியம்மா என்னைக் கட்டிப்பிடித்து வரவேற்றார். "வாங்க வாங்க. நீங்க வராம எப்புடி" என்றார். வரமாட்டேன் என்று எதிர்பார்த்தார்களா என்று யோசித்தேன். அவருடைய மருமகள் வெற்றிலைத் தட்டோடு பக்கத்தில் நின்றாள். அவள் ஏன் வெற்றிலையோடு நிற்கிறாள்?

"கூச்சமா இருந்தா சொல்லுங்கம்மா. எங்க மருமவ சொல்லிருவா. அவளுக்கு வாய் நல்லா வரும்" என்றார் சம்பந்தியம்மா. மருமகள் சிரித்தாள்.

இல்லை, நானே சொல்கிறேன் என்றேன். சொன்ன பிறகுதான், தப்பித்திருக்கலாமே என்று தோன்றியது.

அறைக்குள் தம்பி மனைவி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்தச் சொன்னாள். சண்டை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே சாத்தினேன்.

"ஒங்களுக்கு இந்தப் பேரு புடிக்கல. எனக்குத் தெரியும்க்கா. ஒங்கம்மா பேர வைக்கலன்னு கோவமா?"

அவளும் என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். இல்லை என்று தலையாட்டினேன். ஐரிஸ் என்ற பெயரை முதலில் எங்கே பார்த்தாய் என்று கேட்டேன். சர்ச்சா, நாடகமா என்று கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை.

"கடையிலதான்" என்றாள்.

அவள் உட்காரும் இடத்துக்கு எதிர்ச் சுவரில் ஒரு பெரிய கண் படம் மாட்டியிருக்குமாம். ஒவ்வொரு பாகத்துக்கும் கோடு இழுத்துப் பெயர் எழுதியிருக்கும். கருமணியைச் சுற்றி நிறமாக இருக்கும் வட்டத்துக்கு ஐரிஸ் என்று பெயர்.

"ஆஸ்பத்திரியில இந்தத் தடவையும் இல்லன்னு சொல்லி அனுப்பிருவாங்க. கடைக்கு வந்து ஒக்காருவேன். அழுவ வந்தா அந்தப் படத்தையே பாப்பேன், கஸ்டமர் முன்னால வேற எங்க பாக்கறது? அந்த ஒரு சொல்லத்தான் திரும்பத் திரும்பப் படிப்பேன். பொண்ணு பொறந்தா இதான்னு அப்பவே நெனச்சுக்கிட்டேன்."

இதை நான் எந்த ஆளிடமும் தேடிச் சரிபார்க்கவில்லை. அந்த வட்டத்துக்கு வானவில்லின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று அவளிடம் சொன்னேன். கிரேக்கர்களுக்கு வானவில் ஒரு பெண் சாமி என்றும், செய்தி கொண்டு வருகிறவள் என்றும் சொன்னேன். நடுவில் இருக்கும் கருமணியை அந்த ஊர்க்காரர்கள் பெண்பிள்ளை என்று பொருள்படும் சொல்லால்தான் அழைத்தார்கள், நாம் பாவை என்கிறோமே அதே மாதிரி என்றும் சொன்னேன். நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி அவள் பார்த்ததில்லை. பிள்ளையின் கண்ணை ஒரு தரம் குனிந்து பார்த்தாள்.

"அப்ப எரிஸ் யாரு?"

கதவு நன்றாகச் சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன்.

"அக்கா. எரிஸ் யாரு?"

"சண்ட" என்றேன். "கல்யாணத்துக்குக் கூப்புடாத ஆளு."

"எங்க சித்தி மாதிரியா?" என்று சிரித்தாள். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போனில் தேடினாள். அவள் விரல் மேலே தள்ளிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நின்றது. எரிஸ் பெற்ற பிள்ளைகளின் பெயர்களில்தான் நின்றது என்று எட்டிப் பார்க்காமலே எனக்குத் தெரிந்தது. பிள்ளையின் துணியைக் கழுத்து வரை இழுத்து மூடினாள்.

இன்னும் தேடினாள். "எரிஸ் ரெண்டு பேராம்க்கா. இன்னொருத்தி நல்லவளாம். பக்கத்து வீட்டுக்காரனப் பாத்துப் போட்டி போட்டு ஒழைக்க வைப்பாளாம்." பிறகு அவளே சொன்னாள்: "ரெண்டுல எவ வருவான்னு யாரு பாத்தா?"

போனைக் கவிழ்த்து வைத்தாள். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டாள்.

"நான் சொன்னா நம்பியிருப்பியா?"

யோசித்தாள். "மாட்டேன்" என்றாள்.

வெளியே கதவைத் தட்டினார்கள். நல்ல நேரம் போகிறது என்று சம்பந்தியம்மாவின் குரல் கேட்டது. தம்பி மனைவி எழுந்து என் பக்கம் சாய்ந்து சொன்னாள்:

"காதுல ஐரிஸ்னே சொல்லுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

எனக்கு உடனே பயம் வந்தது. நாளைக்குப் பேச்சு முற்றினால், அக்காதான் தானாக மாற்றிச் சொல்லிவிட்டார் என்று இவள் கைகழுவிவிட்டால்? நீதான் சொல்லச் சொன்னாய் என்று எல்லார் முன்னாலும் சொல்வாயா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் கதவைத் திறந்துவிட்டாள்.

கூடத்தில் எல்லாரும் சுற்றி நின்றார்கள். தொட்டிலில் மஞ்சள் சேலை கட்டியிருந்தது. பிள்ளையை என் மடியில் வைத்தார்கள். வெற்றிலை ஈரமாக இருந்தது. சம்பந்தியம்மா எனக்கு மிகப் பக்கத்தில் உட்கார்ந்தார், பிள்ளையைப் பார்க்காமல் என் வாயையே பார்த்தார். எ என்று சொல்ல வாயை அதிகம் திறக்க வேண்டியதில்லை. ஐ என்று சொன்னால் திறந்தே ஆக வேண்டும். பிள்ளையின் காதோடு முகத்தை ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடி, மூன்று முறை சொன்னேன். பிள்ளை அழவில்லை. தும்மியது.

எல்லாரும் கை தட்டினார்கள். சம்பந்தியம்மா தட்டவில்லை.

"என்னா பேரு சொன்னீங்க? எனக்கு ஐ-ன்னு கேட்டுச்சே."

தம்பி என்னைப் பார்த்தான். போனில் "பாத்துக்க" என்று சொன்னானே, அதே மாதிரி பார்த்தான். அந்த நேரத்தில் நான் தம்பி மனைவியைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டிருப்பாளோ என்ற சந்தேகம்.

"நான் சொல்லச் சொன்னததான் சொன்னாங்க" என்றாள் அவள்.

சம்பந்தியம்மா நட்சத்திரத்தைப் பற்றிக் கேட்டார். வீட்டில் கூப்பிட எ-வில் ஒரு பெயர் வைத்துக்கொள்ளலாம் என்றாள் மகள். பாரிட் புந்தார்க்காரரிடம் கேட்டு வாங்கிய பெயர் என்றார் அம்மா. அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று அவரிடம் கேட்டீர்களா என்றாள் மகள். கேட்கவில்லை. கூட்டல் சரியாக வந்தது, அதை மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். இவர்கள் பேசிக்கொண்டே போக, வந்தவர்கள் ஒவ்வொருவராக மீகூன் மேசைப் பக்கம் நகர்ந்தார்கள்.

"ஒரு எழுத்துதானே அத்த மாறுது" என்றான் தம்பி மாமியாரிடம். அவன் விஷயம் தெரிந்து சொன்னானா, சண்டையை நிறுத்தச் சொன்னானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

பிறகு சம்பந்தியம்மாவே எனக்கு ஒரு கிளாஸ் சிராப் கொண்டுவந்து கொடுத்தார். கையில் கொடுத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "மூத்தவங்க வாய் வச்சிட்டீங்க. நல்லதா நடந்தா சரி." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா என்று கொஞ்சம் யோசித்தேன். குடித்தேன்.

கேக் வெட்டும்போது தம்பி மனைவி, முதல் எழுத்து இருந்த துண்டை வெட்டி என் தட்டில் வைத்தாள். மரியாதைக்காக வைத்தாளா, நாளைக்குச் சாட்சியாக இருக்கட்டும் என்று வைத்தாளா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிள்ளை அவள் தோளில் தூங்கிப் போயிருந்தது.

மறுநாள் தம்பியும் அவன் மனைவியும் பதிவு அலுவலகத்துக்குப் போய் பிள்ளையின் பெயரை ஐரிஸ் என்று பதிந்தார்கள், ஒரு எஸ்ஸோடு. சம்பந்தியம்மா கூடப் போகவில்லை. எனக்கு அன்று காலை வேலை.